தேடிக் கற்கும் கல்வி

கல்லூரிக் கல்வி இருவகைப்படும். ஆசிரியர் தரப் பெறுவது ஒன்று. நாமே தேடிப் பெறுவது மற்றொன்று. முன்னதற்குக் கால அட்டவணை உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, தேர்வும் உண்டு. பின்னதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயினும் கல்லூரியை விட்டு வெளியேறிய பின்னர் வாழ்நாள் முழுவதும் நமக்குத் துணை நிற்பது இந்த இரண்டாவது கல்வியே ஆகும்.

நம்மைப் போன்ற அரசினர் கல்லூரி மாணவர்களுக்கு இக்கல்வி இன்னும் இன்றியமையாதது. நம்முள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டில் நூல் அடுக்கிய அலமாரி இல்லை. ஐயம் கேட்கப் படித்த உறவினர் இல்லை. விலை கொடுத்து நூல் வாங்கப் பொருள் இல்லை. நமக்கென உள்ள ஒரே பொதுச் சொத்து நூலகம். அச்சொத்தைக் கையாளத் தெரியாவிடில், இருந்தும் இல்லாதவர்களாகவே நாம் நிற்போம்.

வரலாற்று மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு ஆய்வுரை எழுத வேண்டும். எனக்கு வாய்த்த தலைப்பு, 'கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகியது ஏன்?' என்பது. தலைப்பைத் தந்த பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். அந்த நிபந்தனையால் நான் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையும் நூலகக் கலையும்

நூலகக் கலைக்கும் கொங்கு நாட்டிற்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது. இந்திய நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் (1892–1972) அடிப்படையில் ஒரு கணித ஆசிரியர். மங்களூர் அரசுக் கல்லூரியில் பணிபுரிந்த பின்னர், 1920-ஆம் ஆண்டையொட்டிக் கோவை அரசுக் கல்லூரியிலும் அவர் கணிதம் கற்பித்தார். அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பொறுப்பை ஏற்றார். ஆளரவமற்ற அந்த வேலை தொடக்கத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார் என்பர். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று, அங்குள்ள நூலகங்கள் பொதுமக்களுக்கு எவ்வாறு தொண்டாற்றுகின்றன என்பதைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. திரும்பி வந்தவர் பின்னர்க் கணித வகுப்பை நாடவில்லை. கணிதத்தின் ஒழுங்கை நூலகத்திற்குள் கொண்டு வந்தார்.

அடுத்தவர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள். பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவிய அவர், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். அரங்கநாதன் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது அவர் காலத்தில்தான். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. நம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் செலுத்துகிறோமே, அதற்கு வேர் இச்சட்டத்தில் உள்ளது. எனவே பொது நூலகத்துள் நுழையும் நாம் யாரிடமும் இரந்து நிற்பவர் அல்லர். நம் பெற்றோர் செலுத்திய பணத்தின் பயனைக் கொள்ளச் செல்பவர்கள்.

மூன்றாமவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த இவர், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். அதன் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது; பத்தாம் தொகுதியோடு 1968-இல் பணி நிறைவுற்றது. தமிழில் எந்தப் பொருளைப் பற்றியும் தேடத் தொடங்குவோர் முதலில் கைவைக்கும் நூல் வரிசை அது.

கணக்கு வாத்தியார் ஒருவர், கல்வி அமைச்சர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர். இம்மூவரும் உழைத்த மண்ணில் பயிலும் நாம், நூலகத்தைத் தேர்வுக் காலத்து நிழற்குடையாக மட்டும் கொள்வது தகுமா?

ஐந்து விதிகள் யாருக்கு?

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். அவை நூலகருக்காக எழுதப்பட்டவை; எனினும் அவற்றைப் படிப்பவன் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், தேடுவோருக்கும் அவை வழிகாட்டக் காண்கிறோம்.

நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அப்படியாயின், கேட்கத் தயங்குவதில் பொருளில்லை. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. நமக்கு வேண்டியது இந்நூலகத்தில் இல்லையெனில் வேறொரு நூலகத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையை அது தருகிறது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதைப் படிப்பவர் உண்டு என்பது மூன்றாவது. பல ஆண்டுகளாக யாரும் எடுக்காத, தூசு படிந்த அறிக்கையும் நமக்காகக் காத்திருக்கலாம். படிப்பவர் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகர் நம் காலத்தைக் காப்பதுபோல், தெளிவாகக் கேட்டு நாமும் அவர் காலத்தைக் காக்க வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது. சென்ற ஆண்டு கிடைக்காதது இவ்வாண்டு கிடைக்கலாம். ஆகவே ஒருமுறை தேடி விட்டுவிடுதல் கூடாது.

கேள்வியைச் செதுக்குதல்

தேடலின் முதற்படி அலமாரி அன்று, கேள்வி. 'கோவையைப் பற்றி ஏதேனும் நூல் இருக்கிறதா, ஐயா?' என்று கேட்டால், நூலகர் பத்து நூல்களை எடுத்து வைப்பார். அப்பத்திலும் நமக்கு வேண்டியது இல்லாமற் போகலாம். குறை அவருடையதன்று, கேள்வி அகன்று கிடந்தது.

இங்கும் அரங்கநாதனே உதவுகிறார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, பின்னாளில் அவர் கையிலேயே வளர்ந்து, எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பிரித்துக் காணும் நெறியாயிற்று. இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார் அவர். துண்டுகளைத் திருகாணியால் இணைத்து விதவிதமான பொம்மைகளைச் செய்வது போல, கருத்துத் துண்டுகளையும் இணைக்கலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அந்த ஐந்து முகங்களை எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்: யார் அல்லது எது? எந்தப் பொருளால்? என்ன செயல்? எந்த இடம்? எந்தக் காலம்?

என் தலைப்பை இந்த ஐந்திலும் இட்டுப் பார்த்தேன். யார்: ஆலை முதலாளிகள், தொழிலாளர்கள். எப்பொருள்: பருத்தி, நூல். என்ன செயல்: ஆலை நிறுவுதல், முதலிடுதல், உழைத்தல். எவ்விடம்: கோவை நகரும் சுற்றுப்புறமும். எக்காலம்: 1888 முதல் 1940 வரை. ஒரு வாக்கியமாக இருந்த தலைப்பு ஐந்து கைப்பிடிகள் உள்ள பெட்டியாயிற்று. எந்தக் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாலும் ஏதோ ஒரு நூல் வெளிப்படும்.

கைப்பிடிகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நூலாசிரியர் 'நூற்பாலை' என்பார்; மற்றொருவர் 'பஞ்சாலை' என்பார்; ஊரார் 'மில்' என்பர். கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர் என மூன்றும் அச்சில் உள்ளன. பழைய ஆங்கில நூல்களில் நம் ஊர்ப் பெயர்களின் எழுத்துக் கூட்டலே வேறு. ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்பதால் நூலே இல்லை என்று முடிவு கட்டலாகாது. இணைப்பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அட்டைப் பேழையாயினும் கணினிப் பட்டியலாயினும் இவ்விதி ஒன்றே.

எண்களின் இலக்கணம்

நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணை நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை. அது நூலின் முகவரி. நம் நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் வழங்குவது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. உலக அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது அதன் வழி. தமிழ் இலக்கியம் 894.811, தமிழக வரலாறு 954.82.

இதில் மாணவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் கேள்வி ஒன்றாக இருந்தாலும் அதற்குரிய நூல்கள் ஓரிடத்தில் இரா. என் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழில்நுட்பம் 677-இல் இருக்கும். பருத்திப் பயிர் 633.51-இல், அதாவது வேளாண்மைப் பகுதியில் இருக்கும். தொழில்களின் பொருளாதாரம் 338-இல், தொழிலாளர் நிலை 331-இல், மின்னாற்றல் 621.31-இல், மாவட்ட வரலாறு 954.82-இல். கொங்கு மக்களின் பேச்சும் வாழ்வும் வேண்டுமாயின், ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) போன்ற புதினங்களைத் தேடி 894.811-க்குச் செல்ல வேண்டும். வரலாற்று மாணவன் வரலாற்று அலமாரியின் முன்னே மட்டும் நின்றால் ஆறில் ஒரு பங்கையே காண்பான்.

முகவரி தெரிந்த பின்னர் வேறொரு வசதியும் கிட்டும். தேடிய நூலை எடுத்தவுடன் திரும்பிவிடாமல், அதன் இருபுறமும் உள்ள நூல்களைப் பாருங்கள். ஒரே பொருளைப் பற்றியவை அண்டை வீட்டாராக நிற்கும். பெயரே அறியாத நூல்கள் பலவற்றை நான் அறிந்தது இவ்வாறே.

படிக்கட்டு முறை

கையில் கிடைத்த முதல் நூலைத் தொடக்கம் முதல் இறுதி வரை படிப்பது ஆராய்ச்சி ஆகாது. படிப்படியாக ஏற வேண்டும்.

முதற்படி மேற்கோள் நூல்கள். சொல்லுக்குப் பொருள் வேண்டுமாயின் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. புராண, இலக்கியச் செய்திகளுக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' (1910) இருக்கிறது. நம் வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' உதவும். பொது அறிமுகத்திற்குக் கலைக்களஞ்சியம். இவை முடிவான விடை தாரா. எங்கே தேடுவது என்பதைக் காட்டும்.

இரண்டாம் படி, பிறர் ஆராய்ந்து எழுதிய நூல்கள். கோவைகிழார் என்று அறியப்பட்ட சி. எம். இராமச்சந்திரன் செட்டியாரின் 'கொங்கு நாட்டு வரலாறு', திருச்செங்கோட்டுத் தி. அ. முத்துசாமிக் கோனாரின் 'கொங்கு நாடு' ஆகியவை நம்மவர் எழுதியவை. பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார் 1972-இல் கொங்குச் சமுதாயத்தைப் பற்றியும், கிறிஸ்டோபர் பேக்கர் 1984-இல் தமிழகக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றியும், ஈமன் மர்ஃபி 1981-இல் தென்னிந்திய ஆலைத் தொழிற்சங்கங்களைப் பற்றியும் எழுதிய ஆங்கில நூல்கள் உள்ளன. இத்தகைய நூல்களில் நாம் முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கங்களை. அங்குள்ள நூற்பட்டியலே அடுத்த படிக்கு ஏணி. ஒரு நூல் பத்து நூல்களுக்கு வழி சொல்லும். அப்பத்துள் மூன்று நூல்களிலேனும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தவறாமல் காண வேண்டும்.

மூன்றாம் படி மூலச் சான்றுகள். திப்பு சுல்தான் வீழ்ந்ததை அடுத்து, பிரான்சிஸ் புகானன் 1800–1801-இல் சென்னையிலிருந்து மைசூர், கன்னடம், மலையாள நாடுகள் வழியே பயணம் செய்து எழுதிய நாட்குறிப்பு 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கொங்குப் பகுதியின் பயிரும் வரியும் தறியும் அதில் பேசப்படுகின்றன. எஃப். ஏ. நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887-இல் அச்சாயிற்று. இராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையைத் தொடங்கியது 1888-இல். ஆகவே ஆலைப் புகை எழுவதற்கு முந்தைய மாவட்டத்தை அறிய அக்கையேட்டைக் காட்டிலும் பொருத்தமானது அரிது.

ஆனால் மூலச்சான்று என்பதாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. புகானன் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டு எழுதியவர். வெற்றி பெற்ற கம்பெனியின் ஊழியர். வரி கட்டும் குடியானவன் அத்தகையவரிடம் தன் விளைச்சலைக் கூட்டிச் சொல்வானா, குறைத்துச் சொல்வானா? யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எப்படி அறிந்தார் என்னும் மூன்று கேள்விகளை ஒவ்வொரு சான்றின் முன்னும் எழுப்பியே தீர வேண்டும்.

ஒரு கேள்வியின் பயணம்

கோவையில் நூற்பாலைகள் ஏன் பெருகின என்று எவரைக் கேட்டாலும் வரும் விடை, 'நம்ம ஊர்ச் சீதோஷ்ணம்' என்பதே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்றால் நூல் அறுபடாது என்பர். தேர்வு உரைநூல்களிலும் இதுவே காணப்படுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. உலர்ந்த காற்றில் பஞ்சிழை எளிதில் அறும்.

ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்தியபோது ஓர் ஐயம் எழுந்தது. பாலக்காட்டுக் காற்று ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வீசுகிறது. முதல் ஆலை வந்ததோ 1888-இல். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் ஆலைகள் ஒன்றிரண்டாகவே எழுந்தன. கூட்டங் கூட்டமாக எழுந்தது 1930-களில். என்றும் உள்ள ஒரு காரணத்தால் ஒரு குறிப்பிட்ட பத்தாண்டில் நிகழ்ந்ததை விளக்க முடியுமா? காற்று துணைக் காரணமாகலாம், 'ஏன் அப்போது?' என்ற கேள்விக்கு அது விடையாகாது.

அலமாரிகளைச் சுற்றி வந்த பயன் இங்கே கிடைத்தது. வேளாண்மைப் பகுதி நூல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தியைப் பற்றிக் கூறின. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த அந்த நீண்ட இழைப் பருத்தி ஆலைக்கு ஏற்றது. மின்னாற்றல் நூல்கள், நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் இயங்கத் தொடங்கியதைக் காட்டின. நிலக்கரிச் சுரங்கம் அருகில் இல்லாத நம் பகுதிக்குக் குறைந்த செலவில் மின்விசை வந்தது அப்போதுதான். பொருளாதார நூல்கள், 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றி எழுதியிருந்தன. விளைபொருள் விலை சரிந்தபோது, நாட்டுப்புறத்தில் கடனாகவும் வணிகமாகவும் சுழன்ற பணம் நகரத்துத் தொழிலை நாடியது என்பதைப் பேக்கர் விரிவாக ஆராய்ந்துள்ளார். பருத்தி இருந்தது, மின்சாரம் வந்தது, முதல் திரும்பியது. இம்மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தபோது காற்றும் கைகொடுத்தது. இவ்விடையை எந்த ஓர் அலமாரியும் தனியே தரவில்லை.

இன்னொரு கேள்வியும் உடன் எழுந்தது. ஆலை வரலாறுகளில் நிறுவியவர் பெயர் உண்டு. நூற்றவர் பெயர் இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை மில் சோறு உண்டது. என் அப்பாருவின் தந்தை முப்பதுகளில் ஆலைக்குள் நுழைந்தவர். அவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை எங்கே தேடுவது?

என் அப்பத்தாவிடம் கேட்டேன்: "ஏனுங்க அப்பத்தா, உங்க மாமனாரு மில்லுல எத்தன மணி நேரம் வேல செஞ்சாருங்க?"

"மணி ஆரு கண்டா கண்ணு? சங்கு ஊதுனாப் போவாரு, சங்கு ஊதுனா வருவாரு. புள்ளைக முழிச்சிருக்கையில அவரப் பார்த்ததே இல்லைனு எங்க மாமியா சொல்லும்" என்றார்.

331-ஆம் எண் அலமாரிக்குச் சென்றேன். 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்திற்கு 60 மணி நேரம் என்று வரையறுத்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு அதை 54 ஆகக் குறைத்தது. 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் 48 ஆக்கியது; விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வரம்பையே கொண்டது. ஆனால் சட்டம் கூறுவது நடந்திருக்க வேண்டியதை, நடந்ததை அன்று. நடந்ததை அறிய, 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த இந்தியத் தொழிலாளர் அரச ஆணையத்தின் சாட்சியத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். முதலாளிமார் சொன்னதும் தொழிலாளர் தரப்பு சொன்னதும் அதில் அருகருகே உள்ளன. சட்டம் ஒரு சான்று; சாட்சியம் ஒரு சான்று; அப்பத்தாவின் நினைவும் ஒரு சான்று. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 சனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதை நம் ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. அந்நிகழ்ச்சியின் பின்னணியை அறிய விரும்புவோரும் இம்மூன்று வகைச் சான்றுகளையும் ஒப்பிட்டே எழுத முடியும். ஒன்றை மட்டும் கொண்டால் வரலாறு ஒருக்களித்து நிற்கும்.

புள்ளிவிவரத்தில் ஒரு பொறி

'கோயம்புத்தூர் மாவட்டம்' என்ற சொல் எல்லாக் காலத்தும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பதன்று. கரூர் வட்டம் 1910-இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956-இல் மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. ஈரோட்டுப் பகுதி 1979-இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பூர் 2009-இல் தனி மாவட்டமாயிற்று. எனவே 1901-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கிலுள்ள 'கோயம்புத்தூர் மாவட்ட'த்தையும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலுள்ளதையும் பக்கத்தில் பக்கம் வைத்து, 'இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது' என்று எழுதினால் அது நிலமறியாக் கணக்காகிவிடும். வட்ட வாரியாகக் கூட்டிப் பார்ப்பதே முறை. எண்ணைக் கண்டதும் எழுதாமல், அது எதை எண்ணியது என்று கேட்க வேண்டும்.

குறிப்பெடுக்கும் முறை

தேடிக் கண்டதை இழக்காமல் வைப்பது அடுத்த கலை. பழைய அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தை ஒரே அளவில் வெட்டி நான் குறிப்பட்டையாகப் பயன்படுத்துகிறேன், காசு செலவில்லை. ஓர் அட்டையில் ஒரு செய்தி மட்டுமே எழுத வேண்டும். மேலே ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இடப்பக்கம் நூலகத்தின் பெயரும் அழைப்பெண்ணும். நூலாசிரியரின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். நம் சொற்களில் சுருக்கினால் குறி வேண்டா. நமக்குத் தோன்றும் கருத்தை வேறு மையில் எழுத வேண்டும். இம்மூன்றும் கலந்துவிட்டால் எழுதும்போது எது யாருடையது என்று தெரியாது. பிறர் சொல்லை நம் சொல்லாகக் காட்டுதல் களவு. அறியாமல் செய்தாலும் களவே.

எழுத அமரும்போது அட்டைகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்தப் பகுதியில் அட்டைகள் குவிந்துள்ளன, எங்கே வெற்றிடம் உள்ளது என்பது கண்ணுக்கே தெரியும். வெற்றிடத்தைச் சொல்லலங்காரத்தால் நிரப்பாமல், மீண்டும் நூலகத்திற்குச் செல்ல வேண்டும்.

கைப்பேசி இருக்கையில் இவ்வளவு பாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்கின்றனர். கைப்பேசியும் நூலகத்தின் ஒரு வாயிலே. அதை நான் இகழவில்லை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் அரிய தமிழ் நூல்களைப் பொருட்செலவின்றிப் படிக்கலாம். 'சோத்கங்கா' என்னும் தொகுப்பில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. ஆனால் கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், சில வேளைகளில் இல்லாத நூலுக்கு ஆசிரியரையும் பக்க எண்ணையும் கற்பித்துத் தருவதுண்டு. கருவி சொன்ன நூலை அலமாரியிலோ பட்டியலிலோ கண்ணால் கண்ட பின்னரே குறிப்பட்டையில் ஏற்ற வேண்டும். காணாததைச் சான்றாகக் காட்டுதல், பாராததைப் பார்த்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு ஒப்பாகும்.

கல்லூரிக்கு வெளியே

நம் கல்லூரி நூலகத்தில் இல்லாதவற்றுக்கு ஆர். எஸ். புரத்திலுள்ள மாவட்ட மைய நூலகம் அருகிலேயே இருக்கிறது. பருத்தி, கிணற்றுப் பாசனம் போன்றவற்றுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகம் உண்டு. துறைத்தலைவரின் கடிதத்தோடு சென்று இசைவு கேட்பது நல்லது. சென்னைக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகத்தையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் தவறவிடலாகாது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தனியொருவராகத் திரட்டிய தமிழ் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கின்றன. பிறர் குப்பை என்று எறிந்த நாடக அறிவிப்புத் தாள்கூட அங்கு ஆய்வுக்குரிய சான்றாகியுள்ளது.

இச்செய்தி நமக்குச் சொல்வது ஒன்றுண்டு. மூடப்பட்ட ஆலைகளின் சம்பளப் பதிவேடுகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பழைய கூட்டுறவுச் சங்கக் கணக்குகள், வீட்டுப் பரணில் கிடக்கும் கிரயப் பத்திரங்கள் முதலியன நாள்தோறும் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதை எண்ணி நாம் வருந்துகிறோம், வருந்த வேண்டியதே. ஆனால் தீயின்றியும் சான்றுகள் அழியும். கரையானும் கவனமின்மையும் அதை ஓசையின்றிச் செய்கின்றன. உங்கள் வீட்டில் அத்தகைய தாள் ஒன்று இருக்குமானால், எடைக்குப் போடுமுன் உங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

நண்பர்களே! ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறேன். எடுத்த நூலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இடம் மறந்தால் மேசைமீது விட்டுவிடுங்கள், நூலகர் வைத்துக்கொள்வார். இடம் மாறிச் செருகப்பட்ட நூல், பட்டியலில் இருந்தும் எவர் கைக்கும் எட்டாமற் போகிறது. பக்கத்தைக் கிழிப்பவர், பின்னால் வரும் ஒரு ஏழை மாணவனின் விடையைக் கிழிக்கிறார். நாளை இதே அலமாரியின் முன்னே வந்து நிற்கப்போகிறவர், நம்மைப் போலவே வீட்டில் நூல் இல்லாத ஒருவர். அவர் தேடும்போது அந்நூல் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.